டயல் செய்வது யார்? ஒரு படிப்பகத்தின் லினக்ஸ் கணினியும் டிஎஸ்எல் மோடமும்

பின்னணி

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் இயங்கும் படிப்பகம் அது. காலையில் இரண்டு மணி நேரம் பெரியவர்கள் பேப்பர் படிக்க வருவார்கள். மாலை நாலு முதல் எட்டரை வரை பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். நன்கொடையாக வந்த நான்கு கணினிகள் இருந்தன, அவற்றில் ஒன்றில் மட்டும் இணையம். பொறுப்பாளர் 65 வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். நான் சனிக்கிழமைகளில் போய் உதவுகிற ஆள். விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் சில வருடப் பழக்கம் உண்டு, ஆனால் நெட்வொர்க் என் தொழில் இல்லை. பாலிடெக்னிக் மாணவர் ஒருவரும் கூட இருந்தார்.

இணைப்பு தொலைபேசி லைனில் வரும் டிஎஸ்எல். ஒரே செம்புக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழும் டேட்டா அதற்கு வெகு மேலேயும் போகும். இரண்டையும் பிரிக்கச் சுவரில் ஒரு ஸ்பிளிட்டர், அதிலிருந்து போனுக்கு ஒரு கம்பி, மோடத்துக்கு ஒரு கம்பி. வேகம் நொடிக்கு 256 கிலோபிட் (கேபிபிஎஸ்). 2004ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்கைப்படி பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள அன்று அதுவே குறைந்தபட்சம். மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று ஒரு வரம்பும் இருந்தது, மீறினால் பில் ஏறும்.

2007இல் டெக்னீஷியன் வந்து, மோடத்தை யுஎஸ்பி கேபிளால் விண்டோஸ் எக்ஸ்பி கணினியோடு இணைத்து, திரையில் ஒரு ஐகானை வைத்துவிட்டுப் போனார். அதைச் சொடுக்கி 'கனெக்ட்' அழுத்தினால் இணையம் வரும். மூன்று வருடம் அப்படியே ஓடியது. அந்த ஐகானுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

2010 செப்டம்பரில் நிலைமை மாறியது. பிள்ளைகள் கொண்டுவரும் பென்டிரைவ்களில் வைரஸ் ஏறி ஏறி, கணினி திறக்கவே பத்து நிமிடம் ஆனது. விண்டோஸுக்கு உரிமமும் கிடையாது. அந்த ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 10.04 என்ற இலவச லினக்ஸை நான்கிலும் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன், பொறுப்பாளர் ஒத்துக்கொண்டார். அவர் வைத்தது ஒரே நிபந்தனை: "தம்பி, நீங்க வராத நாள்லயும் ஓடணும்." அந்த வாக்கியத்தின் எடை அன்று எனக்குப் புரியவில்லை.

முதல் சனிக்கிழமை: இணைந்திருக்கிறது, ஆனால் வரவில்லை

எக்ஸ்பி இருந்த வட்டை அழித்து உபுண்டுவைப் போட்டேன். மோடத்தோடு வந்த சிடியில் விண்டோஸ் டிரைவர் மட்டுமே இருந்தது. யுஎஸ்பியோடு மல்லுக்கட்டாமல், மோடத்தின் பின்னால் சும்மா கிடந்த லேன் போர்ட்டில் கேபிளைச் செருகினேன். லேன் வழியாகப் போனால் மோடத்துக்கென்று தனி டிரைவர் தேவையில்லை.

திரையின் மேல்பட்டையில், இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் 'இணைக்கப்பட்டது' என்றது. 192.168.1.2 என்று ஐபி முகவரியும் வந்துவிட்டது. மோடத்தின் முகவரியான 192.168.1.1க்குப் பிங் ('இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு சோதனை) கொடுத்தால் பதில் வந்தது. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு என்று நினைத்து அதை நோண்டுவதில் ஒரு மணி நேரம் போயிற்று.

நாங்கள் இணைந்திருந்தது இணையத்தோடு அல்ல, மோடத்தோடு மட்டும். அந்த மோடம் பிரிட்ஜ் மோடில் இருந்தது. அதாவது, போன் லைனில் வருவதை அப்படியே லேன் கேபிளில் விடும், கேபிளில் வருவதை லைனில் விடும். யூசர் ஐடி, பாஸ்வேர்டு எதுவும் அதற்குத் தெரியாது. உள்நுழைவைச் செய்துகொண்டிருந்தது எக்ஸ்பியில் இருந்த அந்த ஐகான். பிரிட்ஜ் மோடிலும் மோடம் தன் பங்குக்கு ஒரு உள்ளூர் முகவரியைக் கொடுத்ததால்தான் இத்தனை குழப்பம்.

ஒரு தடயம் கண்ணெதிரேயே இருந்தது. மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிந்தது, இன்டர்நெட் விளக்கு எரியவில்லை. மோடமே உள்நுழையும்போதுதான் அந்த விளக்குக்கு வேலை. பொறுப்பாளரிடம் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். "அது எப்பவுமே எரியாது தம்பி, மூணு வருஷமா அப்படித்தான்" என்று மாலையில் சாவகாசமாகச் சொன்னார்.

லினக்ஸில் அந்த ஐகானின் வேலையைச் செய்வது பிபிபிஓஇகான்ஃப் என்ற சிறு கருவி, அப்போது உபுண்டுவோடு சேர்ந்தே வந்தது. கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் அதை இயக்கினால் ஒவ்வொரு லேன் கார்டிலும் 'யாராவது இருக்கிறீர்களா' என்று குரல் கொடுத்துப் பார்க்கும். மறுமுனையில் இணைப்பு நிறுவனத்தின் கருவி பதில் சொன்னால் லைன் சரி, மோடம் சரி, கேபிளும் சரி என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். எங்களுக்குப் பதில் வந்தது. அப்புறம் அது வரிசையாகக் கேள்விகள் கேட்டது. ஐடி, பாஸ்வேர்டு, டிஎன்எஸ்ஸை நிறுவனத்திடமிருந்தே வாங்கிக்கொள்ளவா, இன்னும் ஒன்றிரண்டு. கடைசிக் கேள்விகளில் ஒன்று 1452 என்ற எண்ணைப் பற்றியது. தெரியாவிட்டால் 'ஆம்' என்று சொல் என்று திரையிலேயே போட்டிருந்தது. தெரியாததை இயக்கி வைப்பானேன் என்று நான் 'இல்லை' கொடுத்தேன். இது பின்னால் வரும்.

உள்நுழைவு மறுக்கப்பட்டது. பாஸ்வேர்டு தவறு என்று நினைத்து இருபது தடவை அடித்துப் பார்த்தோம். உதவி மையத்துக்குப் போன் செய்தால், "ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்க சார்" என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். ஸ்டார்ட் பட்டன் இல்லை என்றதும் உரையாடல் முடிந்துவிட்டது. காரணம் சின்னது. டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த அட்டையில் ஐடியின் முதல் பாதிதான் இருந்தது. @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி இல்லை. எக்ஸ்பி முழுவதையும் நினைவில் வைத்திருந்தது. அந்த எக்ஸ்பியைத்தான் காலையில் நான் அழித்திருந்தேன். பழைய பில்களைக் கட்டு கட்டாகச் சேர்த்து வைக்கும் பழக்கம் பொறுப்பாளருக்கு இருந்ததால் தப்பித்தோம். 2007இன் முதல் கடிதத்தில் முழு ஐடி இருந்தது. ஏழு மணிக்கு இணையம் வந்தது.

இணையம் இருந்தும் 'ஆஃப்லைன்'

திங்கட்கிழமை காலை பொறுப்பாளர் போன் செய்தார், நெட் இல்லை என்று. செவ்வாயும் அதே. மாணவர் போய்ப் பார்த்தபோது பிங் போகிறது, ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் ஆஃப்லைனில் திறக்கிறது. பிபிபிஓஇகான்ஃப் தன் அமைப்பைத் தனிக் கோப்பில் எழுதியதால் அந்த லேன் கார்டு இனித் தன் பொறுப்பில் இல்லை என்று நெட்வொர்க் மேனேஜர் ஒதுங்கிக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸோ நெட்வொர்க் மேனேஜரைக் கேட்டுத்தான் இணையம் உண்டா இல்லையா என்று முடிவு செய்தது. உலாவியின் அமைப்பில் அந்தக் கேள்வியையே நிறுத்தினோம், சரியாயிற்று. இதில் ஆய்வுக்குரியது அதிகம் இல்லை. ஆனால் 'லினக்ஸ் போட்டதிலிருந்து நெட் சரியில்லை' என்ற பேச்சு அந்த இரண்டு நாளில்தான் தொடங்கியது. அதற்கப்புறம் நடந்த எல்லாவற்றையும் எல்லோரும், நானும் சேர்த்து, அந்தக் கண்ணாலேயே பார்த்தோம்.

நான்கு கணினிக்கும் பகிர்ந்தபோது

செப்டம்பர் கடைசியில், மற்ற மூன்று கணினிகளுக்கும் இணையம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். முதல் கணினியில் இன்னொரு லேன் கார்டு, அதிலிருந்து ஒரு ஸ்விட்ச் (பல கணினிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டி), ஸ்விட்சிலிருந்து மூன்று கேபிள். முதல் கணினியே எல்லோருக்கும் வாசலாக நிற்கும். இந்த வழியைத் தேர்ந்தெடுக்க நான் சொன்ன காரணம், எவ்வளவு டேட்டா போகிறது என்று கணக்குப் பார்க்கலாம், வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து பழுது பார்க்கலாம் என்பது. சொல்லாத காரணம், அப்படி ஒன்றைக் கட்டிப் பார்க்க எனக்கு ஆசை.

ஓடியது. ஆனால் ஒரு விசித்திரம். வாசல் கணினியில் எல்லாத் தளமும் திறந்தன. மற்ற மூன்றில் பெரும்பாலானவை திறந்தன, சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன. பிங் எல்லாவற்றுக்கும் போகிறது. தேடல் வேலை செய்கிறது. ஒரு தேர்வு விண்ணப்பப் பக்கமும் ஒரு வங்கிப் பக்கமும் பாதி வெள்ளையாக நிற்கின்றன. அந்தத் தளங்களே சரியில்லை என்று முதல் வாரம் சொல்லிச் சமாளித்தேன். பக்கத்து இருக்கையில் அதே தளம் திறப்பதைப் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "அண்ணா, அங்க மட்டும் எப்படி வருது?" என்று கேட்டான். சரியான கேள்வி அதுதான்.

டேட்டா சிறு சிறு பொட்டலங்களாகப் போகும். சாதாரண லேன் கம்பியில் ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட். டிஎஸ்எல் உள்நுழைவு முறையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புகிறார்கள். அந்த உறைக்கு 8 பைட் போய்விடுகிறது, மிச்சம் 1492. வாசல் கணினி நேரடியாக டயல் செய்வதால், அதாவது தானே உள்நுழைவதால், அதற்கு இந்த அளவு தெரியும். ஒரு தளத்தோடு பேச்சைத் தொடங்கும்போதே 'எனக்கு ஒரு தடவையில் 1452 பைட் மட்டும் அனுப்பு' என்று சொல்லிவிடும். தலைப்புகளுக்கு 40 பைட் கழித்தால் வருவது அந்த 1452. உள்ளே இருக்கும் மூன்று கணினிகளுக்கும் வெளியே ஒரு குறுகலான வழி இருப்பது தெரியாது. அவை 1460 என்கின்றன. தளமும் 1500 பைட் பொட்டலமாக அனுப்புகிறது. நிறுவனத்தின் முனையில் அது நுழையாமல் நின்று, 'பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு' என்று ஒரு தகவல் திரும்பிப் போகிறது. பெரும்பாலான தளங்கள் அதைக் கேட்டு அளவைக் குறைக்கும். சில தளங்களின் ஃபயர்வால் (காவல் வடிகட்டி) பாதுகாப்பு என்று சொல்லி அந்தத் தகவலையே தடுத்துவிடுகிறது. தளம் பதிலுக்குக் காத்திருக்கும், நாமும் காத்திருப்போம்.

உறுதி செய்ய, உள்ளே இருந்த ஒரு கணினியிலிருந்து 'துண்டாக்காதே' என்ற நிபந்தனையோடு பிங் அனுப்பினோம். 1464 பைட் வைத்தால் போனது, 1465 வைத்தால் போகவில்லை. பிங்கின் தலைப்பு 28 பைட். 1464ஓடு கூட்டினால் 1492. மாணவர் இதை நோட்டில் எழுதிக்கொண்டார். இந்த ஆறு மாதத்தில் எனக்கு மிகப் பிடித்த பத்து நிமிடம் அது.

மூன்று கணினிகளிலும் அளவை 1492 ஆக மாற்றலாம், அல்லது வாசலிலேயே அந்த 1460ஐ 1452 என்று திருத்தி அனுப்பலாம். நாளைக்கு யாராவது சொந்த லேப்டாப் கொண்டுவந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்பதால் இரண்டாவது வழி. அதற்கான விதியைத் தேடியபோதுதான் தெரிந்தது, பிபிபிஓஇகான்ஃப் முதல் நாளே கேட்ட கேள்வி இதுதான் என்று. கருவியை மறுபடி இயக்கி இந்த முறை 'ஆம்' கொடுத்தேன். மூன்று கணினியிலும் எல்லாத் தளமும் திறந்தன.

மழை, லைன்மேன், மோடத்தின் புது வேலை

அக்டோபர் கடைசியில் மழை பிடித்ததும் இணைப்பு அறுந்து அறுந்து வர ஆரம்பித்தது. மாலை ஒன்றுக்கு ஆறேழு தடவை. கடைசியாகக் கைவைத்தது நான் என்பதால் என் வேலையைத்தான் முதலில் சந்தேகித்தேன். விதிகளைக் கலைத்துப் போட்டேன், லேன் கார்டை மாற்றினேன். இரண்டு சனிக்கிழமை வீணாயிற்று. போனில் கரகர சத்தம் வருகிறது என்று பொறுப்பாளர் இடையில் சொல்லியிருக்கிறார். போன் வேறு, நெட் வேறு என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே கம்பி என்று எனக்குத் தெரியாததல்ல.

மோடத்தின் நிலைப் பக்கத்தை மூன்றாம் வாரம்தான் பார்த்தேன். பிரிட்ஜ் மோடில் அதைத் திறக்க வாசல் கணினியின் கார்டுக்குக் கையால் ஒரு 192.168.1 முகவரி கொடுக்க வேண்டும், அந்தச் சோம்பலும் ஒரு காரணம். லைனில் இரைச்சலை மிஞ்சி சிக்னல் எவ்வளவு இருக்கிறது என்று டெசிபெலில் ஓர் எண் அங்கே இருக்கும். பொதுவாக 6க்குக் கீழே போனால் இணைப்பு நிற்காது, 10க்கு மேல் இருந்தால் நிம்மதி. மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலை அது 5க்கும் 7க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. லினக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பொறுப்பாளர் லைன் புகார் பதிவு செய்தார்.

லைன்மேன் வந்தது ஒரு புதன்கிழமை பகலில், நானும் மாணவரும் இல்லாதபோது. அவர் நல்ல மனிதர், கையோடு லேப்டாப் கொண்டுவந்திருந்தார். கணினி டயல் செய்வதுதான் பிரச்சினை என்று அவர் நினைத்தார். மோடத்தை ரவுட்டர் மோடுக்கு மாற்றி ஐடியையும் பாஸ்வேர்டையும் அதற்குள்ளேயே போட்டார். "இனிமே மோடமே டயல் பண்ணிக்கும் சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்லித் தன் லேப்டாப்பில் காட்டிவிட்டுப் போனார். மூன்று வருடத்தில் முதல்முறையாக இன்டர்நெட் விளக்கு எரிந்தது. படிப்பகக் கணினி நான்கிலும் இணையம் இல்லை.

"அவரு லேப்டாப்ல வருது தம்பி, நம்மள்ல வரல" என்று மாலையில் போன். வாசல் கணினியின் பதிவில், 'பதில் பொட்டலத்துக்குக் காத்திருந்து நேரம் முடிந்தது' என்ற வரி நூறு தடவை. அது பழையபடி லைனில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. மோடம் இப்போது அந்தக் குரலை வெளியே விடவில்லை, தானே டயல் செய்து உள்ளே போயிருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு பேர், ஒருவருக்கு மற்றவர் இருப்பது தெரியாது.

எடுத்த முடிவு

மோடத்தைப் பழையபடி பிரிட்ஜுக்குத் திருப்புவது ஐந்து நிமிட வேலை. சனிக்கிழமை அதற்காகத்தான் போனேன். போய் உட்கார்ந்தபோது பொறுப்பாளரின் நிபந்தனை ஞாபகம் வந்தது. செப்டம்பரிலிருந்து நான் வராத நாட்களில் எத்தனை தடவை ஓடியது? அடுத்த முறை லைன்மேன் வந்தால் மறுபடி இதையேதான் செய்வார். அவருக்குத் தெரிந்த முறை அது, அதில் தவறும் இல்லை. வாசல் கணினி பழுதானால் நான்கு பேருக்கும் இணையம் போகும். அதைச் சரிசெய்ய அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

ஆகவே மோடம் டயல் செய்யட்டும் என்று விட்டோம். மோடத்திலிருந்து நேராக ஸ்விட்ச், ஸ்விட்சிலிருந்து நான்கு கணினி. வாசல் கணினியில் பிபிபிஓஇகான்ஃப் எழுதியதை நீக்கி, கார்டை நெட்வொர்க் மேனேஜரிடமே ஒப்படைத்தோம். 1452 திருத்தத்தை இனி மோடமே பார்த்துக்கொண்டது, தேர்வு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து சோதித்தோம். முதல் நாள் எங்களை ஏமாற்றிய 'இணைக்கப்பட்டது, 192.168.1.2' என்ற அதே காட்சிதான் இப்போதும் திரையில். ஆனால் இந்த முறை அது உண்மை.

இழந்தவை உண்டு. வீட்டிலிருந்து உள்ளே நுழையும் வசதி போயிற்று. டேட்டாக் கணக்கும் போயிற்று. கட்டியதைப் பிரிக்கும்போது எனக்குச் சங்கடமாகவே இருந்தது. மோடத்தின் நிர்வாகப் பக்கம் ஆலையிலிருந்து வந்த பாஸ்வேர்டிலேயே இருந்ததால் அதை மட்டும் அன்றே மாற்றினோம்.

பின்னர் நடந்தது

மோடு மாறியதால் மழைக்கால அறுபடல் நிற்கவில்லை, அது லைன் கோளாறு. பொறுப்பாளர் இரண்டாம் புகாரில் நெட் பற்றிப் பேசவே இல்லை, 'போனில் சத்தம்' என்று மட்டும் எழுதினார். இது அவருடைய யோசனை, என்னுடையதல்ல. டிசம்பர் முதல் வாரம் அதே லைன்மேன் வந்து வெளிச்சுவரைப் பார்த்தார். சன்ஷேடுக்கு அடியில் இரண்டு கம்பிகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்த ஒரு ஜாயின்ட் பச்சை பிடித்திருந்தது. அதை வெட்டி, கம்பியை மாற்றிப் போட்டார். டெசிபெல் எண் 16க்கு ஏறியது. அடுத்த மழையில் 14க்குக் கீழே இறங்கவில்லை.

எதிர்பாராத ஒன்று டிசம்பர் பில். நான்கு கணினியும் தனித்தனியாக உபுண்டு புதுப்பிப்புகளை இறக்கி, மாத வரம்பைத் தாண்டிவிட்டன. வாசல் கணினி இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். ஒரு கணினி மட்டும் இறக்கிக்கொண்டு மற்றவற்றுக்குக் கோப்புகளைப் பென்டிரைவில் நகல் எடுப்பது என்று மாணவர் ஏற்பாடு செய்தார்.

மறுபடி செய்தால்

எக்ஸ்பியை அழிப்பதற்கு முன் அந்த ஐகானைத் திறந்து, முழு ஐடியையும் காகிதத்தில் எழுதியிருப்பேன். மோடத்தில் எந்த விளக்கு எரிகிறது, எது எரியாது என்று இணைப்பு நன்றாக ஓடும் நாளிலேயே குறித்திருப்பேன். டெசிபெல் எண்ணையும் அப்படியே. இணைப்பு அறுந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கணினியைத் தொடுவேன்.

ரவுட்டர் மோடுதான் எல்லோருக்கும் சரி என்று சொல்லமாட்டேன். வீட்டில் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்குப் பிரிட்ஜ் மோடு நல்லது. லினக்ஸ் கணினியே நேராக டயல் செய்யும்போது என்ன நடக்கிறது என்பது பதிவில் வரி வரியாகத் தெரியும். எங்கள் தவறு, டயல் செய்வது யார் என்று முடிவு செய்யாமலேயே தொடங்கியதும், அந்த முடிவை லைன்மேன் பார்வையில் படும்படி எழுதி வைக்காததும்தான்.

இப்போது மோடத்தின் மேல் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது, பொறுப்பாளரின் கையெழுத்தில்: 'மோடமே டயல் செய்யும். மோடு மாற்ற வேண்டாம். மூன்று பச்சை விளக்கும் எரிய வேண்டும்.' 2011 பிப்ரவரியில் ஒருநாள் மூன்றாவது விளக்கு அணைந்தது. அவர் மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தார், டயல் டோனும் இல்லை. நேராகப் புகார் கொடுத்துவிட்டார். எனக்கு அது அடுத்த சனிக்கிழமைதான் தெரிந்தது.